எர்ரமுன் ஓடின பள்ளம்

நெவாடா மேட்டுப் பாலையில் ஆடு மேய்த்துப் பிழைத்தவன் எர்ரமுன். ஒரு பனிப்புயலில் மந்தையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். கால்விரல்கள் போயின, உயிர் தப்பியது. அதோடு விட்டிருக்கலாம். நில அளவைக்காரர்கள் வரைபடத்துக்கு இடப்பெயர் கேட்டு வந்தபோது, பக்கத்துப் பண்ணைக்காரன் வெர்ன் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பள்ளமா? எர்ரமுன் ஓடின பள்ளம். அப்படியே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள், பாவிகள்! அச்சிலும் வந்துவிட்டது. வேலை கேட்டுப் போன பண்ணையிலெல்லாம், "ஓ, மேப்ல ஓடுறவன் நீதானா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

எர்ரமுன் அந்த வரைபடத்தை வாங்கி விரித்துப் பார்த்தான். பெயரை இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். அவன் ஓடியது கிழக்குப் பள்ளத்தில். பெயர் இருந்ததோ இரண்டு முகடு தள்ளி, மேற்கில். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெயரையா எடுக்கப் போகிறார்கள்? சரியான இடத்தில் போடுவார்கள், அவ்வளவுதான்.

ஒரு நவம்பரில் மாடு தேடிப் போன வெர்ன் திரும்பவில்லை. பனி கொட்ட ஆரம்பித்தது. அவன் மனைவி லோர்னா, தேடும் ஆட்களோடு எர்ரமுன் வீட்டுக்கே வந்தாள்.

"அந்த... உங்க பேர் வச்ச பள்ளத்துக்குப் போறேன்னுதான் சொன்னார்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்கக் கூசி.

ஷெரிஃப் வரைபடத்தில் விரலை வைத்தார். "இதுதானேப்பா? அவனை விட்டா, அந்த மலையில மேய்ச்சவன் நீ ஒருத்தன்தான்."

எர்ரமுன் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன், "ஓடிடாதய்யா, பதில் சொல்லிட்டுப் போ!" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அந்த நேரத்திலும் சிரித்தார்கள்!

"மேப்லதான் போட்டிருக்கே" என்றான் எர்ரமுன். "அச்சடிச்சது தப்பாவா இருக்கும்?"

நாள்கணக்காக மேற்கில் தேடினார்கள். பனி உருகிய பிறகுதான் வெர்ன் கிழக்குப் பள்ளத்தில் கிடைத்தான். கால் முறிந்திருந்தது. பக்கத்தில், சேணத்தை எரித்துக் குளிர்காய்ந்த சாம்பல். நெடுநேரம் உயிரோடு இருந்திருக்கிறான், மடையன். காத்திருந்திருக்கிறான்.

மறுபதிப்புக்காக அளவைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். எர்ரமுன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பெயரை எடுத்துவிடும்படி கெஞ்சினான். அவர்கள் பக்கத்தில் நின்ற லோர்னாவைப் பார்த்தார்கள்.

"எடுக்காதீங்க" என்றாள் அவள். "பேரு சரிதான். இடத்த மட்டும் மாத்துங்க. என் புருஷன் கிடந்த இடத்துல போடுங்க."