வெளியே வந்த நேரம்

மெர்ல் ட்ராம்ப்ளி மலை நடைக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தால் கால் மணி நேரம் பிசகாது என்பது ஊர்ப் பேச்சு. அடிரண்டாக் மலையடிவாரத்தில் சாலைத் துறைக்கு மண் சமன் செய்யும் வண்டி ஓட்டி முப்பத்தோரு வருஷம் கழித்தவர். அந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வரைபடத்தில் பாதை நெளிகிற நெளிவெல்லாம் மெழுகு தடவிய நூலை வளைத்து வைத்து, பிறகு நீட்டி அளப்பார். மைலுக்கு அரை மணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னும் அரை மணி. அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவருடைய கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும். வேர்கள் ஈரமாக இருக்குமா, உதிர்ந்த இலை பாதையை மூடியிருக்குமா, எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எத்தனை மணிக்கு மேல் உச்சி தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில், அச்சடித்த மாதிரி பெரிய எழுத்துகளில் எழுதித் தருவார். கூலி கிடையாது. ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போதும்.

இருபத்திரண்டு வருஷம் அவரோடு நடந்தவர் ராய்ஸ் டுகெட். விறகு வெட்டி விற்பவர். பாதை தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மைலில் தனியாக ஒரு வீடு. மெர்ல் தாளை நீட்டும்போதெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"டேய் மெர்ல், ஒண்ணுக்குப் போறதுக்கு நேரம் போடல பாரு. மறந்துட்டியா?"

"ஓடைகிட்ட பத்து நிமிஷம் விட்டிருக்கேன். அதுக்குள்ள முடிச்சுக்கோ."

"வயசாயிடுச்சுடா. பதினஞ்சா போடு."

கேலி செய்வாரே தவிர, பையில் பென்சில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடித்தபடிதான் ராய்ஸ் நடப்பார்.

பாதை தொடங்கும் இடத்தில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி, அதற்குள் பதிவேடு. பெயர், போகும் இடம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். போனவர் வெளியே வந்ததாகப் பதிவு இல்லையென்றால் வனக்காவலர் தேடப் போவார். ராய்ஸின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் எழுதுவது எப்போதும் மெர்ல்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில், ஆலங்கட்டி மழையில் நனைந்து இறங்கிய இருவரும் கடைசிக் கட்டத்தை எழுத மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். தீயணைப்பு நிலையத்து ஆட்கள் ஆறு பேர் அந்த மழையில் மலையேறித் தேடினார்கள். இவர்கள் அடுப்பருகே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்கத்துக்குப் பிறகு மெர்ல் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் உள்ளே போகும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது. ஊரில் பலரும் ரகசியமாகச் செய்கிற காரியம்தான். இரண்டு பேர் போகிறார்கள், ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் இறங்கி வந்து சொல்லிவிடுவார். அதில் என்ன ஆபத்து?

போன அக்டோபரில் மெர்லுக்கு இடுப்பெலும்பு தேய்ந்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. ராய்ஸ் மட்டும் பன்றிமுதுகு மலைக்குப் போவதாக முடிவு. வெள்ளிக்கிழமை ஏழு மைல் நடந்து, மூன்று பக்கம் சுவர் வைத்த மரக்கொட்டகையில் தங்கல். சனிக்கிழமை உச்சிக்குப் போய்த் திரும்பி அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலுக்கு வெளியே. கொட்டகை இருக்கும் பள்ளத்தில் கைபேசி எடுக்காது. மெர்ல் ஒற்றை ஆளுக்குத் திட்டம் போடுவது அதுதான் முதல் தடவை. அதனால் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: "அடிபட்டால் கொட்டகையை விட்டு நகராதே. திங்கள் மதியத்துக்குள் ஆள் வரும்." திங்கள் காலையில் காவலர் பதிவேட்டைப் பார்ப்பார், வெளியே வந்த கட்டம் காலியாக இருக்கும், உடனே ஆள் அனுப்புவார். எல்லாம் யோசித்துத்தான் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கைத்தடி ஊன்றிப் பெட்டி வரைக்கும் வந்து வழியனுப்பினார். ராய்ஸ் பை வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எழுதுடா குமாஸ்தா. மலையேறத்தான் வரல, அதுக்காவது வந்தியே."

மெர்ல் எழுதினார். பதினோரு வருஷமாக ஓடிய கை. வெள்ளி, எட்டரை. ஞாயிறு, நாலு. இரண்டு கட்டத்தையும் எழுதிப் பெட்டியை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அக்கரையில் உள்ள மருத்துவமனையில் சேர்ந்தார். அன்று சாயங்காலம் ராய்ஸுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. களைத்துத் தூங்கியிருப்பார் என்று விட்டுவிட்டார். திங்களன்று இடுப்பில் கத்தி வைத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ராய்ஸின் அக்கா, ஓடில் என்று பெயர், வந்து நின்றார்.

"மெர்ல், அவன் உன்கிட்ட ஏதாவது சொன்னானாடா? எங்க போய்த் தொலைஞ்சான்னே தெரியல. திங்கக்கிழமையே காவலர்கிட்ட கேட்டேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வெளிய வந்துட்டான், நோட்டுல இருக்குன்னாரு. மூணு நாளா மதுக்கடை, மான் வேட்டைக் குடிசை ஒண்ணு விடாம தேடிட்டேன்."

மெர்ல் போனை எடுத்தார். வனக்காவலர் பெக்வித் இளைஞர். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அவன் உள்ளதான் இருக்கான். நோட்டை நம்பாதீங்க. போகும்போதே ரெண்டு கட்டத்தையும் எழுதிடுற பழக்கம்..." ஓடில் எதிரே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "...அவனுக்கு" என்று முடித்தார் மெர்ல்.

வியாழன் காலையில் கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை இறக்கத்தில் கால் முறிந்திருக்கிறது. எப்படியோ ஊர்ந்து கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். டப்பாவில் கடலை வெண்ணெய் வழித்துத் தின்னப்பட்டிருந்தது. கைக்கு எட்டிய சுள்ளி எல்லாம் எரிந்து சாம்பலாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை பனி கொட்டியபோது உயிர் போயிருக்கும் என்றார்கள்.

நவம்பரில் பெக்வித் பதிவேட்டுப் பெட்டிக்கு மேல் ஒரு பலகை அடித்தார். "வெளியே வந்த நேரத்தை முன்கூட்டியே எழுதாதீர்கள். இதனால் ஒருவர் இறந்தார்." பெயர் இல்லை. ஊருக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். தேவாலய விருந்தில், சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, ஓடிலே சொன்னார்: "சின்ன வயசுலேர்ந்தே சோம்பேறி. திரும்பி வந்து ஒரு வரி எழுத வலிக்குதுன்னு உயிரை விட்டான் பாரு." பக்கத்து நாற்காலியில் இருந்த மெர்ல் குனிந்து சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் யாருக்கும் திட்டம் போடவில்லை. இடுப்பு வலி என்று சொன்னார். இடுப்பு நன்றாகவே கூடியிருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பார். முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் வாய்தவறியதாக ஆகியிருக்கும். நாலு மாதம் போன பிறகு அதற்கு வேறு பெயர்.

மார்ச்சில் பெக்வித் வீட்டுக்கு வந்தார்.

"ஏப்ரல்ல புதுசா மலையேறுறவங்களுக்கு ஒரு வகுப்பு வெக்கிறோம் சார். திட்டம் போடுறதைப் பத்தி நீங்க பேசணும். கூடவே ராய்ஸ் கதையையும் சொல்லுங்க. நீங்க கூட்டாளி, நீங்க சொன்னாத்தான் மண்டையில ஏறும்."

"சரி" என்றது மெர்லின் வாய்.

காவலரின் வண்டி தெருமுனை திரும்பியதும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடில் வீட்டுக்கு வண்டியை விட்டார். வாசல் படியில் அழுக்குப் பனி பாதி உருகிக் கிடந்தது. ஓடில் கதவைத் திறந்தார்.

"என்னடா, மூஞ்சி இப்படி இருக்கு? உள்ள வா."

"இங்கயே சொல்லிடுறேன் அக்கா. நோட்டுல எழுதினது ராய்ஸ் இல்ல. நான்."

"எதை?"

"வெளிய வந்த நேரத்தை. நான்தான் எப்பவும் எழுதுவேன். ரெண்டு பேர் போறப்ப எழுதுற மாதிரியே அன்னைக்கும் எழுதிட்டேன். அவன் பாக்கக்கூட இல்ல, பையைக் கட்டிட்டு இருந்தான்."

ஓடில் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்து நின்னீங்களே, அப்பவே."

"நான் அன்னைக்குச் சாப்பாட்டுல அவனை ஏசினப்ப நீ பக்கத்துலதானே இருந்தே."

"ஆமா."

"ரொட்டியை எடுத்துக் குடுன்னு கேட்டேன். எடுத்துக் குடுத்தே."

ஓடில் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள், நாலாக மடித்தது, ஓரமெல்லாம் நைந்தது. ராய்ஸின் சட்டைப் பையில் இருந்ததாகக் கொடுத்தார்களாம். விரித்து நீட்டினார். மெர்லின் பெரிய எழுத்துகள். சனிக்கிழமை உச்சி வரைக்கும் பென்சில் டிக். அதற்குப் பிறகு டிக் இல்லை. கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் கோழி கிளறல்.

"இது என்னன்னு எனக்குப் படிக்கவே வரல. காவலருக்கும் வரல. உனக்கு வருமா?"

வந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தவர்.

"'செவ்வாய் காலை. உன் ஆளுங்க லேட்டுடா, குமாஸ்தா.'"

"கடைசி வரியில நீ என்ன எழுதியிருந்தே?"

"நகராதே, திங்கக்கிழமை மதியம் ஆள் வரும்னு."

"அவன் நகரல" என்றார் ஓடில்.

கூரை விளிம்பிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஓடில் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"ஏப்ரல் வகுப்புக்கு உன்னைத்தான் பேசக் கூப்பிடப் போறேன்னு காவலர் சொன்னாரே?"

"வரலன்னு சொல்லிடுறேன்."

"போகணும் நீ. இப்ப என்கிட்ட சொன்னதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும். பலகையில யார் எழுதினதுன்னு பேரைப் போடச் சொல்லணும். நான் முன்வரிசையில உக்காந்திருப்பேன்."

"சொல்றேன் அக்கா."

"அதுக்கப்புறம் இந்தப் படி ஏறாதே."

மெர்ல் தலையாட்டினார். "அந்தத் தாளை ஒரு தடவை..." என்று கை நீட்டினார்.

"இல்ல" என்று கதவைச் சாத்தினார் ஓடில்.