கஞ்சியையும் எழுதுங்க

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை பார்த்தேன். என் கணவர் தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுபவர். கல்யாணமான இரண்டாம் மாதமே அடிக்க ஆரம்பித்தார். ஒருமுறை என் தலையைக் கதவு நிலையில் மோதியதில் இடது காது மந்தமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கறி வாங்க லேட்டானதற்காக அடித்தார். நடுவில் வந்த எங்கள் நான்கு வயது மகளைக் கையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் வீசினார். தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் அவளைத் தூக்கக் குனிந்தார். நான் வடியவிட்டிருந்த கொதிக்கும் கஞ்சியை அப்படியே அவர் முதுகில் ஊற்றினேன். அவர் அலறிப் புரண்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் கேட்டபோது, "புள்ள படியில வுழுந்துடுச்சுங்க" என்றேன். ஏன் சொன்னேன்? வெட்கமா, பயமா, இன்றும் தெரியவில்லை. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மகளோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து, மனைவி தன்னைக் கொல்லப் பார்த்தாள், பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் வேலூர் கோர்ட்டில் மனு போட்டார். முதுகுத் தழும்பின் போட்டோ அதோடு இருந்தது.

நான் வைத்த வக்கீல் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "படியில விழுந்ததுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பார்த்தவங்க யாராவது உண்டா?"

பழைய வீட்டில் பக்கத்துப் போர்ஷனில் பீடி சுற்றும் அக்கா பார்த்திருந்தார். போய்க் கேட்டேன். "கோர்ட்டு பேஜாரு எனக்கு வாணாம்மா" என்றார். இது எப்படியோ என் கணவர் காதுக்குப் போனது. மறுநாள் அக்கா வீட்டுக் கதவை உதைத்துத் திறந்து, "சாட்சி சொல்ல வந்தா நாக்க அறுத்துடுவேன்" என்று பீடித் தட்டால் அக்கா முகத்தில் அடித்திருக்கிறார். உதடு கிழிந்து இரண்டு தையல்.

அக்கா தானாகவே வக்கீல் வீட்டுக்கு வந்துவிட்டார். வீங்கிய வாயோடு சொன்னார்: "நான் வர்றேன். ஆனா பார்த்தது எல்லாம் சொல்லுவேன். இவ கஞ்சி ஊத்தினதையும் சொல்லுவேன்."

வக்கீல் என்னைப் பார்த்தார். "கை தவறிக் கொட்டிடுச்சுன்னு போட்டுக்கலாமே?"

"வாணாங்க. ஒருதரம் பொய் சொல்லித்தான் இந்த நெலமை. கஞ்சியையும் எழுதுங்க."

வக்கீல் எழுதி வாசித்துக் காட்டினார். ஊற்றும்போது என் கணவர் செத்துப்போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

விசாரணையில் நீதிபதி கேட்டார்: "வேணும்னே ஊத்தினீங்களா?"

"ஆமாங்க ஐயா. புள்ளைய மறுபடி தூக்கப் போனாரு."

அக்காவும் அதையேதான் சொன்னார், தையல் தழும்போடு.

மகள் என்னிடமே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கோர்ட் வராந்தாவில் என் கணவர் பாய்ந்து என் முடியைப் பிடித்துச் சுற்றினார். "இன்னாடி, ஜெயிச்சுட்டியா?" அக்கா செருப்பைக் கழற்றி அவர் மணிக்கட்டிலேயே அடித்தார், பிடி விடும்வரை. இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை இழுத்துப் போனார்கள். மாதம் ஒருமுறை பிள்ளையைப் பார்க்க உத்தரவு இருந்தும் அவர் வரவேயில்லை. ஆனாலும் மகளுக்கு எட்டு வயதாகும்வரை பகலிலும் கதவைத் தாழ் போட்டே சமைத்தேன்.