அம்புக்குறிகளிடம் தோற்ற தாளம்

2005 வாக்கில், கலிஃபோர்னியாவில் எங்கள் சன்னிவேல் அபார்ட்மெண்டில், என் பத்து வயது மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு ஏற்றபடி திரையில் அம்புக்குறிகள் மேலே ஏறும். அவை கோட்டைத் தொடும் நொடியில் அதே அம்புக்குறி விசையை அழுத்த வேண்டும். ஒன்றுகூடத் தவறவிடாமல் அழுத்தினாள்.

பாட்டு வகுப்பிலிருந்து திரும்பும்போதெல்லாம், "உனக்குத் தாளமே வராது" என்று காரில் அவளைத் திட்டுகிறவன் நான்.

"நகரு, அப்பா காட்டறேன்" என்று உட்கார்ந்தேன். பழக்கதோஷம், வலது கை தொடையில் தாளம் போடப் போய்விட்டது. இடது கை மட்டும் விசைகளில் தடுமாறியது. வரிசையாக மிஸ், மிஸ். அரை நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இட்ஸ் ஓகே, அப்பா. ஃபர்ஸ்ட் டைம் எல்லாருக்கும் மிஸ் ஆகும். ட்ரை அகெய்ன்" என்றாள்.

இரண்டு வருடமாக அந்தக் காரில் நான் ஒருநாள்கூட அவளிடம் சொல்லாத வார்த்தைகள்.