வட்டப் பொறுப்பாளர் கொளஞ்சியம்மாள்

“திருமதி கொளஞ்சியம்மாள். கல்வியாளர். மாணவர் மையக் குழுக் கற்றல் முறையில் பயிற்சி பெற்றவர். அறிவியல் மனப்பான்மையை ஊர்தோறும் பரப்பிவரும் கள்ளக்குறிச்சி வட்டப் பொறுப்பாளர்.”

கூடிக் கற்போம் மன்றம் 1987ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில் இப்படி அச்சாகியிருக்கிறது. இதில் பெயர் சரி.

கொளஞ்சியம்மாள் கச்சிராயபாளையம் சாலையில் பந்தல், பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். கணவர் இறந்த பிறகு கடை அவர் கைக்கு வந்தது. வந்த பிறகுதான் அது கடையாகவே ஆனது என்று கணவரின் தம்பிமாரே ஒப்புக்கொள்வார்கள். கையெழுத்துப் போடுவார். பஸ் போர்டு படிப்பார். அறிவியல் மனப்பான்மை என்று பார்த்தால், ராகுகாலத்தில் கடை ஷட்டரைத் தூக்கமாட்டார். சாவு வீட்டுக்குப் போன அண்டாவை மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் உள்ளே விடமாட்டார்.

பயிற்சி பெற்றது உண்மை. உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு மன்றம் பயிற்சி முகாம் நடத்தியது. கொளஞ்சியம்மாள் பாத்திரங்களோடு போயிருந்தார். ஆசிரியர்களில் பாதிப் பேர் வரவில்லை. சென்னையிலிருந்து பார்வையாளர் வரும் நேரம். மன்றத்தின் செயலாளர் இளமாறன், இயற்பியல் விரிவுரையாளர், பொய் சொல்லத் தெரியாத மனிதர், “அம்மா, நீங்கள் கொஞ்சம் பின்வரிசையில் உட்கார முடியுமா?” என்று கேட்டார். உட்கார்ந்தார். சாயங்காலம் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள்.

முறை அவருக்குப் புரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

“கேள்வி கேக்கறது பசங்க. பதில் தேடறதும் பசங்க. வாத்தியாரு வாயத் தொறக்கக்கூடாது. அப்போ அவருக்கு சம்பளம் எதுக்கு சார்?”

“வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் அம்மா. அது ரொம்பக் கஷ்டம்” என்றார் இளமாறன்.

இப்படி முறையை நம்பாதவர் மன்றத்துக்கு ஏன் உதவினார் என்றால், காரணம் ஜமுக்காளம். கல்யாணத்துக்குப் போனால் எண்ணெய்க்கறை. கட்சிக் கூட்டத்துக்குப் போனால் பீடிப்பொத்தல். கருமாதிக்குப் போனால் இரண்டும். அவர் ஊர் நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து அறிவியல் படிக்கப் போன ஜமுக்காளம் மட்டும் உதறி, மடித்து, போனபடியே திரும்பி வந்தது. இருபது வருஷத் தொழிலில் அவர் காணாத அதிசயம் அது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வாடகை கேட்டதில்லை.

அந்த ஜமுக்காளங்களைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்து வாடகைக் கடைகளில் அப்போது எல்லாமே இரண்டு பங்கு. ஊருக்கு ஒரு பங்கு. காலனிக்கு ஒரு பங்கு. காலனிக்குப் போகும் ஜமுக்காளத்தின் மூலையில் கறுப்பு நூலால் ஒரு முடிச்சுத் தைத்திருக்கும். தைத்தது கொளஞ்சியம்மாள்தான். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. செய்யாத கடை இல்லாததால் சொல்லவேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்காரவேண்டும் என்றார்கள். எந்தப் பங்கிலிருந்து அனுப்புவது? கொளஞ்சியம்மாள் குழுவுக்கு இரண்டாக, அதில் ஒன்று இதுவும் ஒன்று அதுவுமாக, அனுப்பினார். நியாயம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தார். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொண்டார்கள், மெத்தென்று இருக்கும் என்று.

அப்படி ஒரு ஜமுக்காளத்தில் உட்கார்ந்த குழு, மூன்று பேர். ஊரிலிருந்து அருள்மொழி. காலனியிலிருந்து செவ்வந்தி. வெள்ளிமலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படித்த வேடியப்பன். மூவரும் எட்டாம் வகுப்பு. மலையில் விளையும் சாமை கீழ் மண்ணிலும் அதேபோல முளைக்குமா என்பது அவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட கேள்வி. கொளஞ்சியம்மாளின் பாயச டம்ளர்களில் விதைப்பதென்று முடிவானது. காலாண்டு விடுமுறைக்கு மலையேறிய வேடியப்பன் பாதி டம்ளர்களை எடுத்துப்போனான். மலை மண் அவன் பொறுப்பு. கீழ் மண் டம்ளர்கள் அருள்மொழி வீட்டில். விடுமுறையில் வெள்ளிமலையில் எல்லாப் பள்ளிக் குழுக்களும் கூடும் நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது திட்டம். மன்றத்தின் விதி ஒன்று உண்டு: குழு முழுதாக வந்தால்தான் மேடை. ஒருவர் குறைந்தாலும் பேச முடியாது.

இதில் கொளஞ்சியம்மாளுக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. செவ்வந்தியின் அப்பா ராஜாங்கம் கூலி வேலைக்காரர். கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர். பெண்ணை இந்த வருஷத்தோடு நிறுத்திக் கூட அழைத்துப்போவதாக இருந்தார். கொளஞ்சியம்மாள் அவரை வழியில் நிறுத்திச் சண்டை போட்டார். கடைசியில் ராஜாங்கம் இறங்கி வந்தது இவ்வளவுதான்: “மலைக்கு நானும் வர்றங்க. எம் பொண்ணு நாலு பேரு எதுர்ல நின்னு பேசறத ஒருவாட்டி பாத்துடறேன். பேசிட்டான்னா ஒம்பதாவது சேத்துடறேன். இல்லன்னா என்னிய வுட்டுடுங்க.”

ஆக, வெள்ளிமலையில் மூன்று பேரும் ஒன்றுசேரவேண்டும். பொறுப்பாளர் என்று பின்னால் அச்சடித்தார்களே, அந்தப் பெயருக்கு இருந்த ஒரே பொறுப்பு அது.

அந்த செப்டம்பரில்தான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊர்க்காரர்களின் சாதிச் சங்கத்தார் அறிவித்தார்கள். கேட்டது நியாயம்தான். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியவர்கள், பிள்ளைகளுக்குக் கல்லூரியிலும் வேலையிலும் இடம் கேட்டார்கள். கொளஞ்சியம்மாளும் அந்த ஜனம்தான், அவரும் கேட்டார். பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று நடந்த மறியல் பிள்ளைகள் படிக்கப் போகும் வழியில் நடந்தது. மறியல் வேறெங்கும் நடக்கவும் முடியாது. வழி என்பது ஒன்றுதானே இருந்தது.

இளமாறன் விழுப்புரத்திலிருந்து வந்து, குழுக்கள் கூடும் தேதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மலைமேல் பள்ளிக் கட்டடம் விடுமுறையில் அந்த நாட்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். போன் வசதி மேலே இல்லை. மலைக் குழுக்களுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று.

கொளஞ்சியம்மாள் அய்யப்பனைத் தேடிப் போனார். அய்யப்பன் அருள்மொழியின் அப்பா. கொளஞ்சியம்மாளுக்கு அண்ணன் மகன் முறை. அந்தப் பகுதி மறியலுக்கு அவன்தான் முன்நின்றவன். புளியமரத்தடியில் ஆட்களோடு நின்றிருந்தான்.

“வா அத்தே. நானே வரணும்னு இருந்தேன். ஒக்கார ஜமுக்காளம் வேணும், சோறாக்க அண்டா வேணும்.”

“ஊருக் காரியத்துக்கு இல்லன்னு சொல்லுவனா? எடுத்துக்கோ. எனக்கும் ஒண்ணு வேணும். மொத நாளு காலைல சாமான் ஏத்தற என் வண்டிய வுடணும். பசங்கள மலைக்கு இட்டுக்கினு போறேன்.”

“பாலு, ஆசுபத்திரி. அவ்ளோதான் அத்தே. வேற எதுவும் போவாது.”

“உம் பொண்ணும் அதுல வர்றாடா.”

“அவ வூட்ல இருக்கட்டும்.”

“இன்னாத்துக்குடா இந்த மறியலு? அவ நாளைக்குப் பெரிய படிப்பு படிக்கறதுக்குத்தான? இன்னிக்கே படிக்கறேன்னு நிக்கறா, வாணாம்றியே.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “அத்தைய மேடையேத்துப்பா, நம்ம பேச்சாளருங்க எல்லாம் தண்டம்” என்றான் ஒருவன். அய்யப்பனும் சிரித்தான்; கூச்சம் வந்தால் சிரிக்கிற வகை.

“காலனிப் பொண்ணும் அந்த வண்டிலதான?” என்று குரலைத் தாழ்த்தினான்.

“அவ இல்லாம இது இல்ல.”

“இந்த நேரத்துலயா அத்தே…” என்று தரையைப் பார்த்தான். பிறகு, “வெடிகாலைல கெளம்பிடு. நான் நிக்கற எடத்துல வுட்டுடறேன். கச்சிராயபாளையத்துக்கும் சொல்லி அனுப்பறேன். அருளையும் அனுப்பறேன். அவ அம்மா வைவா, அத நீ பாத்துக்கோ.”

இதைவிடப் பெரிய வெற்றி கொளஞ்சியம்மாளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அதனால்தான் கவனம் தவறியது என்று நினைக்கிறேன்.

மறியலின் முதல் நாள் விடிவதற்குமுன் அய்யப்பனின் ஆட்கள் டிராக்டரோடு வந்து ஜமுக்காளம் கேட்டார்கள். கொளஞ்சியம்மாள் மலைப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். “வாசல்ல கட்டிவெச்சிருக்கேன், எடுத்துக்கினு போங்க” என்று உள்ளிருந்தே சொன்னார். வாசலில் இரண்டு கட்டு இருந்தன. மறியலுக்கு ஒன்று, வெள்ளிமலைக்கு என்று வைத்திருந்த பள்ளிக்கூடக் கட்டு ஒன்று. அவர்கள் இரண்டையும் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடக் கட்டில் எது எந்தப் பங்கு என்று பார்ப்பதை கொளஞ்சியம்மாள் எப்போதோ விட்டிருந்தார். சமத்துவம் என்று அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. கண் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

வண்டியில் செவ்வந்தியும் ராஜாங்கமும் ஏறி உட்கார்ந்தாயிற்று. ராஜாங்கம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அருள்மொழியை ஏற்றிக்கொள்ள வண்டி அய்யப்பன் நிற்கும் இடத்துக்குப் போனபோது, சாலையின் குறுக்கே வெட்டிப்போட்ட மரத்துக்கு முன்னால் விரித்திருந்த ஜமுக்காளங்களின்மேல் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள். பெரியவர் ஒருவர் ஒரு மூலையைக் கால்விரலால் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கறுப்பு முடிச்சு. பாருங்கடா. காலனி ஜமுக்காளத்துல நம்மள ஒக்காரவெச்சிருக்கான் அய்யப்பன்.”

“தெரியாம வந்துடுச்சு மாமா.”

“தெரியாமயா? உங்க அத்தைக்குத் தெரியாம அந்தக் கடைல ஒரு கரண்டி அசையுமா? அதோ பாரு, வண்டில யாரு குந்தியிருக்காங்க பாரு.”

எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். ராஜாங்கம் கீழே பார்த்தார்.

கொளஞ்சியம்மாள் இறங்கினார். “என் தப்புதான். கட்டு மாறிப்போச்சு. அய்யப்பன்மேல ஒண்ணும் இல்ல” என்றார். அது முழு உண்மை. யாருக்கும் தேவைப்படாத உண்மை. அய்யப்பனுக்கு அந்த நிமிஷம் தேவைப்பட்டது தன் ஆட்களின் முன்னால் குனியாத ஒரு தலை. ஜமுக்காளங்களைச் சுருட்டி ஓரமாக எறிந்தான்.

“வண்டியத் திருப்பு அத்தே.”

“அய்யப்பா, நீ சொன்னியேடா…”

“திருப்புன்றேன்ல.”

சரிசமமான இடம் கேட்டு வந்தவர்கள் புழுதியில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் அருள்மொழி பாவாடை சட்டையோடு, கையில் டம்ளர் கூடையோடு நின்றதை கொளஞ்சியம்மாள் பார்த்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அடி அவளுக்கு விழும்.

காலனி முனையில் ராஜாங்கம் இறங்கிக்கொண்டார்.

“உங்களக் குத்தம் சொல்லலீங்க.”

“நாளைக்கு வேற வழியாப் பாப்போம், ராஜாங்கம். கோமுகி டேமு பக்கமா…”

“வாணாங்க. பொண்ண வெச்சிக்கினு ரோட்ல நிக்கமுடியாது. இன்னா நடக்குதுன்னே தெரியல.” அவர் பயந்ததில் தப்பில்லை. அந்த வாரம் பல ஊர்களில் துப்பாக்கிச் சூட்டில் மறியல்காரர்கள் செத்தார்கள். வேறு சில இடங்களில் காலனிக் குடிசைகள் எரிந்தன. செவ்வந்தி அப்பாவின் பின்னால் போனாள். ஒருமுறை திரும்பி, “டம்ளருக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க” என்றாள்.

அதையும் கொளஞ்சியம்மாளால் சொல்ல முடியவில்லை. அய்யப்பன் வீட்டு வாசலில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. அருள்மொழியின் அம்மா டம்ளர்களைக் கூடையோடு தூக்கி வெளியில் வைத்துவிட்டாள். ஆடு தின்றுவிட்டது.

இளமாறன் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டார். வாரம் முடிவதற்குள்ளேயே ராஜாங்கம் குடும்பத்தோடு வயல்வழியாக நடந்து, கரும்பு வெட்டு மேஸ்திரியோடு போய்விட்டார். செவ்வந்தியும் போனாள். கொளஞ்சியம்மாள் போனபோது வீட்டில் வாசலை அடைக்கும் ஓலைத் தட்டிதான் சார்த்தியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டியைக் கொஞ்சம் நேராக்கிக் கட்டிவிட்டு வந்தார். ஆண்டறிக்கையில் இந்த வாரத்தைப் பற்றி “எதிர்பாராத காரணங்களால் மலைச் சங்கமம் எளிய முறையில் நடைபெற்றது” என்று இருக்கிறது. எளிய முறை என்பது உண்மை. கீழிருந்து ஒருவரும் போகவில்லை.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் கொளஞ்சியம்மாள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினார். அதற்குமுன் மலைக்குப் போனதில்லை. வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். பள்ளிக்கூட வராந்தாவில் வேடியப்பன் இருந்தான். செய்தி எதுவும் மேலே வராததால் தினமும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து பார்த்துப் போயிருக்கிறான். டம்ளர்கள் சுவரோரம் வெயில் படும்படி வரிசையாக இருந்தன. சாமை பச்சையாக நின்றிருந்தது.

“அவங்க எங்க?”

“வரமாட்டாங்க கண்ணு. அருள அவங்க வூட்ல வுடல. செவ்வந்தி கரும்பு வெட்டப் போயிட்டா.”

“செவ்வந்தி எப்ப வரும்?”

“தெரியல.”

அவன் டம்ளர்களைப் பார்த்தான். “கீழ் மண்ணுல மொளைச்சுதா?”

“நான் பாக்கல. ஆடு தின்னுடுச்சாம்.”

வேடியப்பன் ஒரு டம்ளரை வெயில் பக்கம் திருப்பி வைத்தான். “ஆடு தின்னுச்சுன்னா மொளைச்சிருக்கு” என்றான். பிறகு, “எத்தினி நாள்ல மொளைச்சுது?”

கொளஞ்சியம்மாளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி கதவுக்குள் இருந்தாள்; இன்னொருத்தி எந்த ஊர்க் கரும்பில் இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அதையும் அவனிடம் சொன்னார்.

செவ்வந்தி ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை.

கல்வியாளர் என்று எழுதியவர்கள் எழுதட்டும். கொளஞ்சியம்மாள் செய்தது இது: பஸ் ஓடிய முதல் நாளில் வெள்ளிமலைக்குப் போய், காத்திருந்த பையனிடம் மற்ற இருவரும் வரமாட்டார்கள் என்று நேரில் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்தார்.