நூல் மில்லும் நுழைவுத் தேர்வும்

நேற்று பழைய தலையணை ஒன்று கிழிந்து வீடெல்லாம் பஞ்சு. பெருக்கப் போனவள் தும்மித் தும்மி உட்கார்ந்துவிட்டேன். ராஜபாளையம் நூல் மில்லை விட்டு இத்தனை வருஷமாகியும், பஞ்சு பறந்தால் என் மூக்கு டூட்டிக்கு வந்துவிடுகிறது.

அங்கே நானும் கமலாவும் டிரெய்னி என்ஜினியர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நானும் சேத்தூரிலிருந்து அவளும் பஸ்ஸில் வருவோம். எம்.டெக். நுழைவுத் தேர்வை ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கவிழ்ந்திருந்தேன். படிக்காமல் இல்லை. ஒரு கணக்கு முரண்டு பிடித்தால் அதோடு மல்லுக்கு நிற்பது என் குணம். நீயா நானா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மணி அடித்துவிடும். அம்மா அதைப் பிடிவாதம் என்பாள். நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்!

இந்த முறை கழுத்தில் கத்தி. பயிற்சிக் காலம் முடியப்போகிறது. வேலை நிரந்தரமானால் சில வருஷம் விலகமாட்டேன் என்று மில்லுக்கு எழுதித் தரவேண்டும். ஜெயித்தால் காலேஜ், தோற்றால் கையெழுத்து.

சாப்பாட்டு நேரத்தில் கமலா வாட்சைப் பார்த்தபடி எனக்கு மாதிரித் தேர்வு வைப்பாள். ஒருநாள் வழக்கம்போல ஒரே கணக்கில் குடியிருந்தேன். அவள் கத்தினாள். மில்காரர்கள் ரகசியத்தையும் கத்தித்தான் பேசுவோம்.

"ஏட்டி, மெஷின்ல இழை அறுந்தா என்ன செய்வ?"

"ஒட்டுவேன்."

"ஒட்டலைன்னா?"

"அடுத்த இழைக்குப் போயிட்டு, பொறவு சுத்தி வரும்போது பாப்பேன்."

"அங்க அம்புட்டு வெவரமா இருக்க. இங்க மட்டும் ஏன் ஒண்ணையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுத?"

டிரெய்னியும் முதலில் இழை ஒட்டப் பழகவேண்டும் என்பது மில் வழக்கம். ஒன்றோடு போராடி நின்றால் மற்றவை வரிசையாக அறுந்து தொங்கும். அதற்கப்புறம் கேள்வித்தாளையும் மெஷினாக்கிக்கொண்டேன். முதல் சுற்றில் சட்டென்று ஒட்டுபவை, அடுத்த சுற்றில் கொஞ்சம் கெஞ்சவேண்டியவை. எந்தப் பாடத்தில் அடிக்கடி அறுகிறதோ அதை வீடு திரும்பும் பஸ்ஸில் படிப்பேன்.

மதுரையில் பரீட்சை. இரண்டாவது கணக்கே முரண்டு பிடித்தது. கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். கடைசிச் சுற்றில் திரும்பி வந்தபோது நாலே வரியில் படிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். சூப்பர்வைசர் முறைத்தார்.

ரிசல்ட்டை கேன்டீன் வாசலில் கமலாவின் போனில் பார்த்தோம். ஜெயித்துவிட்டேன், அதுவும் நல்ல ரேங்க்! எனக்குக் கால் தரையில் இல்லை. கமலா என்னையும் இழுத்துக்கொண்டு மெஷின் ஷெட்டுக்குள் ஓடி, "நம்ம பிள்ள செயிச்சிட்டா!" என்று கத்தினாள். மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள். மெஷின் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை, கைகள் தட்டுவது மட்டும் தெரிந்தது.

அந்த ஷெட்டை இடித்து மனை போட்டுவிட்டார்கள். கமலா கோயம்புத்தூரில் இருக்கிறாள். பிறகு நான் இதைவிடப் பெரிய பட்டங்களெல்லாம் வாங்கினேன். எல்லோரும் நாகரிகமாக, மெல்லிய குரலில் வாழ்த்தினார்கள். அத்தனை மெஷின் சத்தத்தையும் தோற்கடித்து எனக்காகக் கத்த அப்புறம் ஆளே கிடைக்கவில்லை.