வெள்ளை வேண்டாம், சிவப்பு குடுங்க

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். “சாப்டியா?” “கதவ பூட்டிட்டியா?” “நாளைக்கு ஓவர்டைம்.” அவ்வளவுதான். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கெப்பாலா பத்தாஸில் பிறந்து வளர்ந்த நான், ஜுரு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஃபெரி ஏறி இந்தப் பக்கம், தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வாழ வந்திருந்தேன். பிளாட்டில் நான், அவர், அத்தை, மூன்றே பேர். அவர் பட்டர்வொர்த் ஆபீஸிலிருந்து கடல் தாண்டி வருவார், குளிப்பார், சாப்பிடுவார், பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். அத்தைக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்குத்தான் பழகவில்லை.

பேசாத சுபாவம் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மனுஷன் கீழே இறங்கிவிடுவார். பிளாட்டுக்கு அடியில், மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கல் மேசை. கூட்டாளிகள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் வராந்தாவில் துணி எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பேன். அவர் வாய்விட்டுச் சிரிப்பது மேலே வரை கேட்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வீட்டுக்குள்ளும் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று இருந்தது.

அத்தைக்கு வேறு கவலை. நெத்திலி கிள்ளிக்கொண்டே ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார்.

“சீட்டு ஆடுறான்மா. கையில கட்டு வச்சிருக்கான், நான் பாத்தேன். நீயே கேளு. நான் கேட்டா எரிஞ்சு விழுவான்.”

அன்றைக்கே கேட்டேன். அவர் எரிந்து விழவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடலுக்குள்ளிருந்து தலை தூக்கும் ஏதோ ஒரு ஜந்துவின் படம், அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ்.

“காசு வச்சு ஆடுறது இல்லலா. ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு கட்டு. இதுல நிலம் இருக்கு, அதுலேருந்து சக்தி வரும். அத வச்சு மிருகத்த எறக்கணும், மந்திரம் போடணும். எதிராளிக்கு உயிர் தீர்ந்தா நாம ஜெயிச்சோம்.”

சொல்லச் சொல்ல அவர் கண் விரிந்தது. கையெல்லாம் ஆட்டிப் பேசினார். என்னிடம் அவர் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. நான் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதற்குள் சட்டென்று நிறுத்திக்கொண்டார். “சரி விடு, உனக்கு புரியாது,” என்று அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். ஜுருவில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து மயிரிழை வயரில் குறை பிடித்தவள் நான். எனக்கா புரியாது? பொம்மை போட்ட அட்டை. நீயும் ஆச்சு நானும் ஆச்சு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அடுத்த வாரம், தையல் நூல் வாங்கிவருகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு கொம்தார் கடைக் கட்டடத்துக்குப் போனேன். மேல்மாடியில் காமிக்ஸும் பொம்மைக் காரும் விற்கிற ஒரு குட்டிக் கடை. கல்லாவில் மூக்குக் கண்ணாடி போட்ட சீன ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். அதை என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல், மலாயில் அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன். “தெரூப்.” அவர் ராஜா, ராணி, ஜாக் இருக்கிற சாதாரணச் சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். நான் தலையாட்டி, கையால் மிருகத்தின் கொம்பு, வால் எல்லாம் காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறந்தார்.

ஐந்து பெட்டிகள், ஐந்து நிறம். புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று அட்டைகளைப் பொறுக்கி, அடுக்கி, கட்டாகவே போட்டு வைத்திருக்கிறார்களாம். பிரித்த உடனே ஆடலாம். எது நல்லது என்று கேட்டேன். யோசிக்காமல் வெள்ளையைத் தள்ளினார். “பூத்தே பாகுஸ்,” வெள்ளைதான் நல்லது, உள்ளே நிறைய சிப்பாய்கள், போன உயிர்கூடத் திரும்பி வரும், லேசில் தோற்க மாட்டாய் என்று விளக்கினார்.

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. புருஷனோடு உட்கார்ந்து ஆடுவதற்கு வெள்ளையை வாங்கிக்கொண்டு போவேனா? கறுப்பைத் திரும்பியே பார்க்கவில்லை. நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது, ராசி பார்க்காமல் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார், அது மோதிரக் கல்லைப் பற்றித்தான், இருந்தாலும் எதற்கு வம்பு. பச்சைப் பெட்டியில் பெரிய பாம்பு படமெடுத்து நின்றது. மிச்சம் சிவப்பு. குங்குமச் சிவப்பு.

“வெள்ளை வேண்டாம், சிவப்பு குடுங்க,” என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே.

ஆன்ட்டி சிவப்பை எடுத்து, உதட்டைப் பிதுக்கினார். அது அவசரக்கார நிறமாம். அடிக்கும், எரிக்கும், சீக்கிரமே கை காலியாகிவிடும், புதுசுக்குச் சரிப்படாது என்றார். பிறகு என் கழுத்தையும் நெற்றியையும் பார்த்தார், வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தன் கல்யாணத்துக்கும் மேரா, எல்லாமே சிவப்புதான் என்று சொல்லி, பெட்டியைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, பெட்டியைக் கொண்டுபோய் அவர் பேப்பரின் மேல் வைத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய்த் தன் கட்டை எடுத்துவந்து பாயை விரித்தார். அவருடையது நீலம்.

பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது முறை சொல்வதற்கு முன்பே நான் பிடித்துக்கொண்டேன். முதல் பூதத்தை இறக்கினேன்.

“இப்ப நான் உங்கள அடிக்கலாமா?”

“அடி, அடி. ஒண்ண வச்சு அடிச்சா எப்படி? அதையும் எடுத்து அடி.”

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. ஈரத் தலையில் துண்டோடு அத்தை ஓடிவந்து நின்றார். மருமகள் மகனை அடிக்கிறாள், அவனும் அடி அடி என்கிறான் என்று பாவம் மனுஷி என்ன நினைத்தாரோ. பாயில் அட்டைகளைப் பார்த்ததும், “கருமம், நீயும் இதுல விழுந்திட்டியா?” என்று தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார். கல் மேசைச் சிரிப்பு, என் பாயில், எனக்கு எதிரில்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. நீலக் கட்டின் வேலை என்னவென்று போகப் போகத் தெரிந்தது. நான் எதை இறக்கினாலும் அவர் ஓர் அட்டையைப் போட்டு, “இல்ல, இது செல்லாது,” என்பார். நெருப்பு மழை போட்டேன், செல்லாது. பெரிய பூதத்தை இறக்கினேன், அதுவும் செல்லாது. சிரிப்பு போய்விட்டது, பழையபடி சுருக்கமாக, பேப்பர் படிக்கிற முகத்தோடு அவர் சொல்லிக்கொண்டே போனார்.

“இங்கயும் எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னுதானா?” என்று வெடித்துவிட்டேன். “வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறீங்க. கூட்டாளிங்ககிட்ட அப்படிச் சிரிக்கிறீங்க. என்னைப் புடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல.”

கையிலிருந்த அட்டைகளை அவர் கவிழ்த்து வைத்தார்.

“உனக்குத்தான் என்னைப் புடிக்கலன்னு நெனச்சேன்,” என்றார்.

“நான் எப்பச் சொன்னேன்?”

“பொண்ணு பாக்க வந்தோம்ல. தட்ட நீட்டினே, காப்பி குடுத்தே, எங்க எல்லாருக்கும் முன்னால உக்காந்தே. ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல. கட்டாயப்படுத்தி கட்டி வச்சிட்டாங்களோன்னு பயம். தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னுதான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. “தலைய தூக்காத, வாயாடின்னு நெனச்சிடுவாங்கன்னு அம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. நான் உங்க காலைத்தான் பாத்தேன். ரெண்டு காலும் நடுங்கிக்கிட்டிருந்துச்சு.”

அவர் காது சிவந்துபோனது. பாயின் ஓரத்துக் கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

“அப்ப உனக்கு இஷ்டம்தானா?”

அவர்கள் வந்துபோன அன்றைக்கு யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. பரிசம் போட்டபோதும் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து எங்கே போடுவது என்று மட்டும் காட்டினார்கள். முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கொட்டினார்கள். இவ்வளவும் முடிந்து, பாயில் சம்மணம் போட்டு, தாலி கட்டிய மனுஷன் கேட்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இஷ்டம்தான்,” என்றேன்.