கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் பால்

எனக்குக் கல்யாணம் நடந்தது எழுபதுகளில், கச்சான் காற்று தூத்துக்குடியையே மண்ணால் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்தில். மாப்பிள்ளை கொழும்புக்குப் பாய்த்தோணியில் சரக்குக் கொண்டுபோகிறவர். மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, மாப்பிள்ளைதான் வந்து சேரவில்லை. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற அந்தக் காற்று தோணியை உள்ளே விடவில்லை.

முந்தின நாள் பாய் தெரிகிறது என்று யாரோ சொல்ல, தலையில் வைத்த எண்ணெயோடு கடற்கரைக்கு ஓடினேன். தோணி தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தது. முன்புறத்தில் அவர்! கத்தினேன், கத்தினேன், அப்படிக் கத்தினேன். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துச் சிரித்தார்கள். அவர் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, கைதான் ஆடியது. சரியான கல்லுளிமங்கன் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் வெறும் காற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் சாமியார் கேட்கும்போது, கோயில் முழுக்கக் கேட்கும்படி சம்மதம் சொல்ல வேண்டும். அதில் அவர் மகா கறார்.

அம்மா விரலி மஞ்சளைக் கல்லில் உரசி வழித்துப் பாலில் போட்டு, மிளகைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டாள். இறக்கிச் சூடு தணிந்த பிறகே கருப்பட்டி. சளி, உடம்புவலி, கடலில் நனைந்தவனின் நடுக்கம், பிள்ளை பெற்றவளின் அலுப்பு, எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் மருந்து. அதற்கும் கேட்காவிட்டால்தான் டாக்டர்.

சித்திக்குப் பொறுக்கவில்லை. தன் பங்குக்கு ஒரு சட்டி ஏற்றினாள். அவசரத்தில் கொதிக்கிற பாலிலேயே கருப்பட்டியைப் போட, பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது.

"ஏளா, கண்ண மூடிக்கிட்டு முழுங்கு. திரிஞ்சாத்தான் தொண்டைக்கு நல்லது."

மறுத்துப் பேசக் குரல் இருந்தால்தானே! பிறகு பக்கத்து வீடுகளிலிருந்து நெய் விட்டு ஒன்று, பனங்கற்கண்டு போட்டு ஒன்று. நடந்தால் வயிறு களக் களக்கென்றது. சாயங்காலம் காற்று அடங்கி அவர் கரையேறிவிட்டாராம், என்னைப் பார்க்க விடவில்லை. காலையில் எழுந்தால் தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். சாமியார் முதலில் மாப்பிள்ளையைக் கேட்டார். அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"சத்தமாச் சொல்லும்."

மறுபடியும் காற்று. மாமியார் எழுந்துவிட்டார்.

"சாமி, கோவிச்சுக்கிடாதீங்க. நேத்து தோணியில நின்னு கத்துன கத்துல தொண்ட கட்டிக்கிட்டு. எத்தன செம்பு மஞ்சப்பால் குடுத்தும் தொறக்கலியே!"

திரும்பிப் பார்த்தேன். அவர் மீசை ஓரத்தில் மஞ்சள் கோடு! என் கத்தலை அவரிடம் கொண்டுபோன பாழாய்ப்போன காற்று, அவருடையதை என்னிடம் கொண்டுவரவில்லை. அடிவயிற்றிலிருந்து சிரிப்புப் பொங்கியது. கோயிலே சேர்ந்து சிரித்தது. சாமியார் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு, "சொல்லியாச்சு" என்று அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

சிரித்த சிரிப்பில் அடைப்பு விட்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி வந்தது என் "சம்மதம்!"

அப்படி என்னதான் கத்தினீர்கள் என்று பந்தியில் கேட்டேன். அவர் என் காதருகே குனிந்து ஊதினார்.

"கத்தாத ஏளா, தொண்ட கட்டிக்கிடும்னுதான் கத்துனேன்."